8 லட்சத்தைப் பிரித்துக் கொடுப்பது எப்படி: பழைய வீட்டு மராமத்துக்கு கான்ட்ராக்டரோடு பேசி முடித்த பணப் பட்டியல்

வீடு மதுரையில் திருநகர்ப் பக்கம். தரைத்தளம் மட்டும், 900 சதுர அடி. கான்கிரீட் கூரை, அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. கட்டி 35 வருஷம் தாண்டியாயிற்று. மாடி ஒழுகுகிறது. இரண்டு குளியலறையிலும் சுவருக்குள் பழைய ஜி.ஐ. குழாய் துருப்பிடித்து அடைத்துக் கிடக்கிறது. வயரிங்கில் பாதி இடத்தில் எர்த் கிடையாது. டைல்ஸ், குழாய்ச் சாமான், விளக்கு, மின்விசிறி இவற்றை வீட்டுக்காரர் வாங்கித் தருவது என்றும், மற்ற பொருளும் கூலியும் கான்ட்ராக்டர் பொறுப்பு என்றும் பேச்சு. மொத்தத் தொகை 8,00,000 ரூபாய்.

கான்ட்ராக்டர் முதலில் கேட்டது: "பாதி அட்வான்ஸ் குடுத்துருங்க சார், நடுவுல ஒரு முப்பது பர்சன்ட், முடிச்சுட்டு இருபது." மதுரையில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பார்கள், வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சரி என்றும் சொல்லிவிடுவார்கள். வேலை கடைசியில் இழுப்பதற்கும், பெயின்ட் அடிக்கும் கட்டத்தில் போனை எடுக்காமல் இருப்பதற்கும் ஆரம்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எப்படி என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும்.

மொத்த வேலையை முதலில் விலை போட்டுப் பிரித்தோம். வீட்டுக்குள் உடைப்பு, கழிவு அள்ளுவது 40,000. மாடி (பழைய தளம் பெயர்ப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, புதுத் தட்டோடு) 1,60,000. குளியலறை இரண்டும் 1,50,000. சமையலறை மேடை, சிங்க், சுவர் டைல்ஸ் 90,000. வயரிங் 1,20,000. தரை டைல்ஸ் பதிப்பு 70,000. சுவர்ப் பூச்சு, ஒட்டுப் பூச்சு 50,000. பெயின்டிங் 1,20,000. கூட்டினால் 8 லட்சம்.

இப்போது அவர் கேட்டபடி பாதிப் பணம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து நிற்கிற வேலை அதிகபட்சம் 1,40,000 ரூபாய்க்கு இருக்கும். அவர் கையில் 4,00,000. ஆக 2,60,000 ரூபாய் நம் வீட்டில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு முந்தைய சைட்டின் கடைக்கடனை அடைத்திருக்கும். அடுத்து 'நடுவில்' என்று சொன்ன 30 சதவீதத்தைப் பூச்சு முடிந்ததும் கொடுத்தால், போன பணம் 6,40,000. அந்தக் கட்டத்தில் முடிந்த வேலையின் மதிப்போ 4,09,000 மட்டும். மிச்ச வேலை 3,91,000 ரூபாய்க்கு, மிச்சப் பணம் 1,60,000. அங்கிருந்து ஒவ்வொரு நாளும் அவர் கைக்காசைப் போட்டுத்தான் நம் வேலையைச் செய்ய வேண்டும். ஆளைக் குறைப்பார், புதிதாக அட்வான்ஸ் கொடுத்த வேறு சைட்டுக்குப் போவார். ஆள் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அப்படிப் போகிற மாதிரி பணத்தைப் பிரித்தது இரண்டு பேரும் சேர்ந்துதான்.

அதனால் பேச்சில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: அட்வான்ஸ் கழிந்து முடிந்த பிறகு எந்த நாளில் நின்று பார்த்தாலும் மிச்சப் பணம் மிச்ச வேலையைவிடக் குறையக் கூடாது. சதவீதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அட்வான்ஸ்

இன்னொரு பக்கமும் உண்டு. கான்ட்ராக்டருக்குச் சனிக்கிழமை பட்டுவாடா நிற்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை கூலி தவறினால் திங்கட்கிழமை கொத்தனார் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார். "வேலை முடிச்சப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் விறைப்பாக நின்றால், நல்ல கான்ட்ராக்டர் வேலையே வேண்டாம் என்று போய்விடுவார். ஒத்துக்கொள்கிறவர் அந்த வட்டியையும் ரேட்டில் ஏற்றித்தான் ஒத்துக்கொள்வார். ஆகவே அட்வான்ஸ் தேவைதான். எவ்வளவு என்பதை அவருடைய முதல் வாரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

"பத்து பர்சன்ட்ல எல்லாம் ஆள் இறக்க முடியாது சார்."

"சரிண்ணே, முதல் வாரத்துக்கு என்னென்ன வேணும்னு எழுதிப் பாப்போமே."

எழுதினது இது: இரண்டு கொத்தனார் ஆளுக்கு 1,000, இரண்டு நிமிந்தாள் (கொத்தனாருக்கு உதவுகிற ஆண் ஆள்) ஆளுக்கு 800, ஒரு சித்தாள் 600, நாளைக்கு 4,200, ஆறு நாளைக்கு 25,200. சிமெண்ட் 25 மூட்டை 10,000. எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, 6,000. சி.பி.வி.சி. (தண்ணீர்க் குழாய்க்கான பிளாஸ்டிக்) பைப், எல்போ, டீ, வயரிங் பைப், மெட்டல் பாக்ஸ் எல்லாம் 28,000. கழிவு ஏற்றுகிற வண்டி 8,000. மொத்தம் 77,200. அட்வான்ஸ் 80,000 என்று முடிந்தது. கூலியும் விலையும் ஏரியாவுக்கு ஏரியா, கடைக்குக் கடை மாறும். இப்படி எழுதிப் பார்க்கிற முறை மாறாது. பட்டியல் கண்முன் இருக்கும்போது "நாலு லட்சம்" என்ற கோரிக்கை தானாகவே கீழே வந்துவிடுகிறது, யாரும் முகம் கோண வேண்டியதில்லை.

இந்த 80,000 தனிக் கூலி அல்ல, முன்கூட்டிக் கொடுத்தது. முதல் நாலு பில்லில் பில்லுக்கு 20,000 வீதம் கழித்துக்கொள்வது என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் 'அது அட்வான்ஸ், கடைசிக் கணக்குல பாத்துக்கலாம்' என்று ஆகி, கடைசி வரைக்கும் 80,000 ரூபாய் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

பொருளைக் கடையில் நாமே நேராகப் பில் போட்டு இறக்குவது பலர் சொல்லும் யோசனை. செய்யலாம். ஆனால் கான்ட்ராக்டருக்குக் கடையில் கிடைக்கிற கடன் வசதியும் சின்ன லாபமும் அதில் அடிபடும், அதை வேறெங்காவது ஈடுகட்டத்தான் பார்ப்பார். சிமெண்ட், வயர், பைப் மூன்றை மட்டும் நேராக வாங்கி, அதற்கு இறக்குகூலி, மேற்பார்வை என்று ஒரு தொகையை வெளிப்படையாகப் பேசிக் கொடுப்பது இருவருக்கும் நியாயம்.

நிலைகள்

ஒவ்வொரு நிலைக்கும் தொகை, முடிந்ததற்கு அடையாளம், யார் பார்ப்பது, எப்போது பணம். இந்த நாலும் எழுத்தில் இருக்க வேண்டும். 'பாத்ரூம் வேலை முடிந்ததும்' என்று எழுதினால் சண்டை நிச்சயம். டைல் ஒட்டினால் முடிந்ததா, குழாய் மாட்டினால் முடிந்ததா, தண்ணீர் நிற்காமல் ஓடினால் முடிந்ததா?

நிலை 1, 88,000: உடைப்பு முடிந்து கழிவு வெளியே போயிருக்க வேண்டும். வயரிங்குக்குச் சுவர் வெட்டி, பைப் பதித்து, மெட்டல் பாக்ஸ் வைத்திருக்க வேண்டும். (உடைப்பு 40,000, வயரிங் தொகையில் 40 சதவீதம் 48,000.) பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி. பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது வயரில் படாமல் காப்பது அந்தப் படம்தான்.

நிலை 2, 75,000: குளியலறைக் குழாய் அழுத்தச் சோதனையும், தரைக்குத் தண்ணீர் கட்டும் சோதனையும் தேறிய பிறகு. இந்த இரண்டையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தை நிறுத்திப் பிடிக்க இதைவிட நல்ல இடம் மொத்த வேலையிலும் கிடையாது. டைல் ஒட்டிவிட்டால் பிறகு கசிவு பார்க்க டைலைத்தான் உடைக்க வேண்டும்.

சி.பி.வி.சி. ஒட்டி 24 மணி நேரம் காய விட வேண்டும். குழாய் வரும் வாய்களை எல்லாம் பிளக் போட்டு அடைத்து, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கைப்பம்பு வைத்துச் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கக் கூடாது. "டேங்க்ல தண்ணி விட்டுப் பாத்தாச்சு சார், ஒரு சொட்டு கசியல" என்பார்கள். அதை ஒத்துக்கொள்ளக் கூடாது. மாடித் தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தால் அங்கே வருகிற அழுத்தம் 0.3 கிலோதான். சரியாக ஒட்டாத இணைப்புகூட அதில் தாங்கிவிடும். இரண்டு வருஷம் கழித்துப் பிரஷர் பம்பு மாட்டும்போது சுவர் ஊறும். பம்பு பிளம்பரிடம் இருக்கும், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம். வாடகை யார் தலையில் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

தரைக்கு: நீர்த்தடுப்புப் பூச்சு, சுவரில் ஒரு அடி ஏற்றி, காய்ந்த பிறகு தரை ட்ராப்பை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் 48 மணி நேரம். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து அறைச் சுவரின் அடியையும் தடவிப் பார்க்க வேண்டும். இதில் தேறாமல் டைல் ஒட்ட ஆரம்பித்தால் நிலை 2 பணம் கிடையாது, ஒட்டிய டைலைப் பெயர்க்கிற செலவும் கான்ட்ராக்டருடையது என்று ஒரு வரி.

நிலை 3, 80,000: மாடியில் பழைய தளம் பெயர்த்து, விரிசல் அடைத்து, நீர்த்தடுப்புப் பூசி, தண்ணீர் கட்டித் தேறியது. 950 சதுர அடி மாடி, 4 அங்குலத் தளம் என்றால் 317 கன அடி. உடைத்தால் உதிர்ந்து பெருத்து 4 யூனிட் தாண்டும். மராமத்து எஸ்டிமேட்டில் பெரும்பாலும் குறைத்துப் போடுகிற கணக்கு இந்தக் கழிவுதான். நடுவில் "லோடு கூடிருச்சு" என்று வந்து நிற்பார்கள். வண்டிக் கணக்கில் பேசாமல், மொத்தக் கழிவும் இந்தத் தொகைக்குள் என்று பேச வேண்டும்.

தண்ணீர் கட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. 950 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் சுமார் 4,500 லிட்டர். போரில் தண்ணீர் குறைவான ஏரியாவில் லாரித் தண்ணீர்தான். அதற்கு யார் கொடுப்பது என்று எழுதாத வீடுகளில் சோதனையே நடப்பதில்லை. மதுரை வெயிலில் இரண்டு நாளில் மட்டம் தானாகவும் இறங்கும். அதனால் ஒரு அகல வாளியில் தண்ணீர் ஊற்றி மாடியிலேயே வைத்து, உள்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாளியில் இறங்கியது வெயில் குடித்தது. மாடியில் அதைவிடக் கூடுதலாக இறங்கினால்தான் கசிவு. கூரை தாங்குமா என்று பயப்பட வேண்டியதில்லை. 2 அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ, பெயர்த்து எறிந்த சுண்ணாம்புத் தளம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் மரக்கட்டை போட்ட பழைய மட்டப்பா வீடு என்றால், இன்ஜினியர் பார்க்காமல் தண்ணீர் கட்டக் கூடாது.

நிலை 4, 80,000: தட்டோடு பதித்து, இடுக்கு அடைத்து, ஓரம் வளைத்துப் பூசி முடிந்தது. வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினால் நிற்காமல் மழைநீர்க் குழாய்க்குப் போக வேண்டும்.

நிலை 5, 86,000: பூச்சு 50,000, வயர் இழுத்தது 36,000. பூச்சுக்கு நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர், குறைந்தது ஏழு நாள். இழுத்த வயரின் அளவை இங்கேயே பார்த்துவிட வேண்டும்: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர். சுவிட்ச் மாட்டிய பிறகு யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. மெக்கர் (வயரின் மேலுறை மின்சாரம் கசியாமல் தாங்குகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 1 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும்.

நிலை 6, 1,50,000: சமையலறை முழுக்க 90,000, குளியலறை டைல்ஸ் 60,000. நிலை 7, 70,000: தரை டைல்ஸ். ஒட்டிய பிறகு ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் நடுவையும் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். மூலையில் 'டொக்கு டொக்கு' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த டைலை எடுத்து மறுபடி ஒட்டச் சொல்ல வேண்டும். நடுவில் சின்னதாக ஒரு இடம் என்றால் விடலாம், மூலை என்றால் விடக் கூடாது. அம்மிக்குழவி விழ வேண்டாம், கட்டில் கால் போதும் உடைய.

நிலை 8, 60,000: பிரைமர், பட்டி இரண்டு கை, தேய்ப்பு முடிந்தது. புதுப் பூச்சை நாலு வாரம் காய விட்டுத்தான் பட்டி. பூச்சு முடிந்த மறுவாரமே பெயின்டரை இறக்கினால் பட்டி உப்பி உரியும். அந்த நாலு வாரத்தை நிலை 6, 7 நிரப்புகிற மாதிரிதான் வரிசை போட்டிருக்கிறோம். சும்மா நிற்கிற வாரம் வந்தால் கான்ட்ராக்டர் ஆளை வேறு இடத்துக்கு மாற்றுவார், திரும்பக் கூப்பிடுவது லேசில்லை.

நிலை 9, 1,11,000: கடைசிக் கோட்டிங் 60,000, சுவிட்ச், விளக்கு, பேனல் 36,000, குளியலறைச் சாமான் மாட்டியது 15,000.

கூட்டிப் பார்த்தால் 8 லட்சம். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்தம், மொத்தம் 40,000. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் பில் இப்படி வரும்: 88,000, அதில் பிடித்தம் 4,400, அட்வான்ஸ் கழிவு 20,000, கையில் 63,600. நாலாவது பில் முடியும்போது நடந்த வேலை 3,23,000, கொடுத்தது 3,06,850. ஐந்தாவது முடியும்போது மிச்ச வேலை 3,91,000, மிச்சப் பணம் 4,11,450. முதலில் கேட்ட பாதிக் கணக்கில் இதே இடத்தில் 1,60,000 இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை

நிலை 6 போல் பெரிய நிலை மூன்று வாரம் ஓடும். அதுவரை பணமில்லை என்றால் நடக்காது. பேச்சு உடைகிற இடமும் பெரும்பாலும் இதுதான். "வாராவாரம் ஆளுக்குக் குடுக்கணும்ல சார், நீங்க முடிஞ்சாத்தான் தருவேன்னா நான் எங்க போவேன்?" அவர் கேட்பது நியாயம்.

இதற்கு வாரக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரக் கூலி அளவுக்கு, இந்த வீட்டில் 25,000 வரை, நடக்கிற நிலையின் கணக்கில் கொடுப்பது. இரண்டு கட்டுப்பாடு: கண்ணுக்குத் தெரிகிற வேலையின் மதிப்பில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அடுத்த நிலைக் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. ரசீதில் 'நிலை 6 கணக்கில் 25,000' என்று நிலை எண்ணோடு எழுத வேண்டும். 'வேலை வகைக்கு' என்று மொட்டையாக எழுதின ரசீதுகள்தான் பின்னால் எந்தக் கணக்கிலும் ஒட்டாமல் நிற்கும்.

வேலையைப் பார்ப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை ஆறு மணிக்கு வாசலில் ஐந்து ஆள் தூக்குவாளியோடு நிற்கும்போது டைலைத் தட்டிப் பார்க்க யாருக்கும் மனசு வராது. குறை இருந்தால் வெள்ளியன்றே சொல்லி, சனிக்கிழமை பகலில் சரி செய்யச் சொல்லலாம். வேலையாட்களிடம் நேராகப் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது கான்ட்ராக்டர் கணக்கில் ஏறாது, மேஸ்திரிக்கும் அவமானம். டீ, வடை, பொங்கலுக்கு வேட்டி எல்லாம் வேறு.

நம் பக்கத்திலும் ஒரு கெடு வேண்டும். நிலை தேறிய இரண்டு நாளில் பணம். தேறியும் கொடுக்காமல் இழுத்தால் வேலையை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு என்று நாமே எழுதிக் கொடுப்பது நல்லது. பிடித்தத்துக்கும் சோதனைக்கும் அவர் சம்மதிப்பதற்கு இந்த ஒரு வரிதான் பெரிய காரணமாக இருக்கிறது. அதோடு, டைல்ஸ் ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் டைல்ஸ் வீட்டில் இருக்க வேண்டும். 2க்கு 2 டைல் நாலு கொண்ட பெட்டி 15.5 சதுர அடிக்கு வரும். 900 சதுர அடித் தரைக்கு உடைசல், வெட்டு 8 சதவீதம் சேர்த்தால் 63 பெட்டி. சுவருக்குள் போகிற டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு), குழாய்க்குச் சுவர் வெட்டும்போதே கையில் வேண்டும், பிறகு வாங்கலாம் என்று விட்டால் பிளம்பர் வேலை அங்கேயே நிற்கும். வீட்டுக்காரரால் நின்ற நாளுக்கு ஆள் கூலி கேட்டால் அது நியாயமான கேள்வி.

எக்ஸ்ட்ரா வேலை

பழைய வீட்டில் உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கூரையின் அடிப்பூச்சைத் தட்டினால் கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். ஒரு இடத்தில் கொத்தினால் சுவர்ப் பூச்சு பாளமாக விழும். இதற்கு 8 லட்சத்தில் இடமில்லை. தனியாக 80,000 ரூபாய் வீட்டுக்காரர் கையில் வைத்திருக்க வேண்டும், அதைக் கான்ட்ராக்டரிடம் சொல்லவும் வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்பே ரேட் பட்டியல் ஒன்று வாங்கிவிட வேண்டும்: பழைய பூச்சுப் பெயர்த்துப் புதுப் பூச்சு சதுர அடிக்கு எவ்வளவு, கூடுதல் லைட் பாயிண்ட் ஒன்றுக்கு எவ்வளவு, பைப் ஒரு ரன்னிங் அடிக்கு எவ்வளவு, துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்வது சதுர அடிக்கு எவ்வளவு. கடைசியாகச் சொன்னதில் என்னென்ன அடங்கும் என்றும் எழுத வேண்டும்: கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவுக்குக் கொத்தி, கம்பிப் பிரஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, ஒட்டுதிரவம் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவது. கம்பி கண்ணுக்குத் தெரிகிற அளவு தேய்ந்திருந்தால் இது போதாது, இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

பூச்சு அளவில் கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பது பெரிய பூசல். ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர அளவு முறையில் 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது, 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிவு. அதற்கு மேல் இரண்டு பக்கமும் கழித்து, பக்கவாட்டைக் கூட்டிக்கொள்ளலாம். நம்மூரில் பல மேஸ்திரிகள் எதையும் கழிக்காமல் அளப்பார்கள். எந்த முறை ஆனாலும் சரி, அளக்கும் முன்னால் பேசினது என்றால் சண்டை இல்லை.

எக்ஸ்ட்ரா எதுவும் எழுத்தில் தொகை சொல்லிச் சம்மதம் வாங்காமல் தொடங்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படத்தோடு 'கிழக்கு பெட்ரூம் கூரை, 42 சதுர அடி, பட்டியல் ரேட், சரியா?' என்று அவர் கேட்டு, 'சரி' என்று நாம் போட்டாலே போதும். பணம் அடுத்த நிலையோடு சேர்த்து.

வரி, ரசீது

பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்டால் அவருக்குப் பதிவு எண் இருக்க வேண்டும், முறையான வரிப் பில் தர வேண்டும். பதிவில்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாது. பேசிய 8 லட்சம் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். வரி மாறினால் யாருக்கு என்றும் ஒரு வரி தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நடுவேலையில் இருந்த ஒப்பந்தங்களில் அந்தக் குறைவு யாருக்கு என்று எழுதியிருக்காவிட்டால், பேச்சில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். ஒரே வேலைக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. பிரித்துப் பிரித்து வாங்கினாலும் வேலை ஒன்றுதான். அபராதம் வாங்குகிறவருக்கு. "கேஷா குடுத்துருங்க" என்று கேட்கிற கான்ட்ராக்டரிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு எண் வந்துவிடும். வங்கிக் கடனில் செய்கிற வேலை என்றால், வங்கி எந்தக் கட்டத்தில் பணம் விடும் என்று கேட்டு அதற்கேற்ப நிலைகளை அமைக்க வேண்டும். வங்கியின் கட்டமும் நம் நிலையும் பொருந்தாவிட்டால் நடுவில் கைமாற்று வாங்கத்தான் ஓட வேண்டும்.

ஊர் நாட்காட்டி

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் ஆளும் வராது, நகருக்குள் மணல் லாரியும் வராது. தீபாவளி, பொங்கல் முன்பின் வாரங்கள் சொல்லவே வேண்டாம். அந்த வாரங்களில் எந்த நிலையின் முடிவும் விழாதபடி தேதி போட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் "அடுத்த ஸ்டேஜ்ல ஒரு அம்பதாயிரம் சேத்துக் குடுங்க" என்று கட்டாயம் வரும். போனஸ் கொடுக்க மனசிருந்தால் தனியாகக் கொடுக்கலாம், நிலைப் பணத்தைத் தொடக் கூடாது. ஆடியில் புது வீட்டு வேலை தொடங்க நிறையப் பேர் தயங்குவதால் ஆட்கள் ஓரளவு கிடைப்பார்கள். மராமத்துக்கு அது நல்ல மாதம். ரேட்டும் கொஞ்சம் இறங்கும், நிபந்தனைக்கும் சம்மதிப்பார்கள். ஆனால் மாடித் தளத்தைப் புரட்டாசிக்குள் மூடிவிட வேண்டும். ஐப்பசியில் திறந்த மாடியோடு உட்கார்ந்திருந்தால் பூசிய உள்கூரையும் சேர்ந்து போகும்.

பிடித்தம்

40,000 ரூபாய்ப் பிடித்தத்தில் 20,000 ஒப்படைத்த ஒரு மாதத்தில் தருவது, 20,000 மழைக்காலம் தாண்டித் தருவது என்று கேட்டோம். கான்ட்ராக்டர் மறுத்தார்: "மழை வரலேன்னா என் காசு வராதா?" சரியான கேள்வி. மழையை விட்டுவிட்டுத் தேதி போட்டோம்: டிசம்பர் 31. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அன்றைக்குப் பணம். அதற்குள் ஒழுக்கு தெரிந்தால், சொன்ன ஏழு நாளில் வந்து சரிசெய்ய வேண்டும். வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து அந்தச் செலவைப் பிடித்தத்தில் கழிப்பது. வேலை தை, மாசியில் முடிகிறது என்றால் டிசம்பர் வரை காத்திருக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அப்போது தண்ணீர் கட்டும் சோதனையை 72 மணி நேரமாக்கி, பிடித்தத்தை 10,000 ஆகக் குறைக்கலாம்.

ஒப்பந்தத்தில் பணம் பற்றிய பகுதி இவ்வளவுதான்: "மொத்தத் தொகை ரூ. 8,00,000 (வரி உட்பட). முன்பணம் ரூ. 80,000, நிலை 1 முதல் 4 வரை ஒவ்வொன்றிலும் ரூ. 20,000 கழிக்கப்படும். இணைப்பில் உள்ள சோதனையில் தேறிய 2 நாட்களுக்குள் அந்தந்த நிலைத் தொகை, 5 சதவீதப் பிடித்தம் போக, வங்கி வழியாகத் தரப்படும். வாரக்கணக்குத் தொகை நடக்கும் நிலையில் மட்டும் சேரும். கூடுதல் வேலை எழுத்துச் சம்மதத்துக்குப் பிறகே. வேலை இடையில் நின்றால், இரு தரப்பும் சேர்ந்து அளந்து, இணைப்பு விலைப்படி முடிந்த வேலைக்கு மட்டும் கணக்கு முடிக்கப்படும்." முத்திரைத்தாளில், இரண்டு பிரதி, பக்கத்துக்குப் பக்கம் இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி.

கடைசி வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்காது. வேலை நின்றுபோனால் முதலில் செய்ய வேண்டியது, வேறு ஆளை இறக்கும் முன், ஒரு இன்ஜினியரை வைத்து அளந்து, தேதியோடு படம் எடுத்து, பதிவுத் தபாலில் கான்ட்ராக்டருக்கு அறிவிப்பு அனுப்புவது. அதற்கும் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கே போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, குறை ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே பேசுவது நிலை எண் எழுதின ரசீதும் படமும்தான்.

நிலை 9 பணம் மாற்றுவதற்கு முன் கையில் வாங்க வேண்டியவை: வயரிங் வரைபடம், எந்த எம்.சி.பி. (பேனலில் இருக்கும் தானியங்கி சுவிட்ச்) எந்த அறைக்கு என்ற சீட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்தது, பெயின்ட் நிறத்தின் எண், நீர்த்தடுப்புப் பொருளின் உத்தரவாதச் சீட்டு, மிச்ச டைல்ஸ் வகைக்கு ஒரு பெட்டி, வாசலில் கிடக்கிற மிச்ச மணலும் கழிவும் அள்ளியது. மிச்ச சிமெண்ட் மூட்டை கான்ட்ராக்டருடையது. டைல்ஸ் நம்முடையது.